மதினியின் வலது கால்

மதினி,

இன்று காலை காருக்குள் கிடந்த தேங்காய்நார்ப் பாயை எடுத்து முற்றத்துக் கொடியில் போட்டேன். வாரம் முழுக்க மழை. கொஞ்சம் வெயில் பட்டதும் பாய் ஒரு வாசனை விட்டது பாருங்கள்! பெட்ரோல், ஈர நார், ஆஸ்பத்திரி லோஷன், அதற்கெல்லாம் அடியில் நீங்கள் ஒவ்வொரு முறையும் வண்டியில் போட்டுக்கொண்டு வரும் நஞ்சன்கூட்டு வாழைப்பழம். சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரி, "அக்கா வந்துட்டாங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கரண்டியும் கையுமாக வந்து பாயை வெயில் பக்கம் திருப்பிப் போட்டாள்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த மைசூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் உங்களைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது பேசியதைவிடக் கொஞ்சம் நல்லவிதமாகவே பேசுகிறார்கள். அதிலும் அந்த கார். "அந்தம்மா ஓட்டுனப்போ நான் எதிர்ல வந்தேன்" என்று சொல்லாத ஆள் நம் சபையில் கிடையாது. எல்லோரும் எதிரிலேயே வந்திருக்கிறார்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர் ஒருவரும் இல்லை போலிருக்கிறது.

எனக்கோ அந்த வாசனையில் முதலில் ஞாபகம் வந்தது உங்கள் வலது கால். கொழுந்தன் எழுதுகிற மடலில் இப்படி ஒரு வாக்கியம் வரலாமா என்று யோசித்தேன். வரட்டும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுதந்திரம் வந்த கையோடு கப்பலேறிப் போன யாரோ ஒரு காபித் தோட்டத்துத் துரை விட்டுச் சென்ற கார் அது. அப்போதே அதற்கு வயதாகியிருந்தது. உங்கள் வீட்டுக்காரரான என் சின்ன அண்ணன் அதை ஆசைப்பட்டு வாங்கி, உங்களையும் மைதானத்தில் ஓட்டப் பழக்கி, லைசென்ஸும் எடுக்கவைத்து, ஆசை தீருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் உங்களைப் பார்த்தார்கள், அப்புறம் காரைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த பெரிய அண்ணன்தான் அதை வாய்விட்டுச் சொன்னார்.

"லேய், அந்தத் தகரத்த யார் தலையிலயாவது கட்டிட்டு, அவள ஊருக்குக் கூட்டிட்டு வந்துரு. மாடி ரூம ஒழிச்சிப் போடுதேன். பிள்ளைகளுக்கு ரெண்டு பாட்டுச் சொல்லிக்குடுத்துக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்."

அவர் மனசில் கள்ளம் இல்லை. நீங்களும் அவருக்கு வழிச்சோறு கட்டிக் கொடுத்தீர்கள். அவர் ரயில் ஏறிய பிறகு, காபி ஆற்றிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்: "அங்க போனா எனக்கு ஒரு ரூம் குடுப்பாவ தம்பி. சாவி குடுக்க மாட்டாவ."

கல்யாணத்துக்கு முன்பே நர்ஸ் பயிற்சி முடித்தவர் நீங்கள். அந்தச் சமயத்தில்தான் மைசூர் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை வந்தது. நஞ்சன்கூட்டிலிருந்து சாமராஜநகர் வரைக்கும் கிராமங்களில் புதிதாகப் பிரசவ நிலையங்கள் திறந்திருந்தார்கள். அவற்றைச் சுற்றிப் பார்த்துவர ஒரு நர்ஸ் வேண்டும். சொந்த வண்டி இருக்க வேண்டும். ஓட்டத் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் நிறைய இருந்தார்கள். வண்டியுள்ள நர்ஸ் நீங்கள் ஒருவர்தான். பெரிய டாக்டரம்மா மட்டும் யோசித்தார். சிரிப்பதற்குக்கூட அவரே தமக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி முகம் அவருக்கு. "நான் ஒருமுறை கூட வந்து பார்க்கிறேன். வழியிலே நிற்கிற வண்டி நமக்கு பேடா" என்றார். வேண்டாம் என்பதை அவர் எந்த மொழியில் சொன்னாலும் வேண்டாம்தான்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். கார் நிற்காமல் போய் வந்தால் வேலை, உங்கள் வீடு, உங்கள் சாவி. நின்றால் பாளையங்கோட்டை மாடி ரூம்.

அந்த காரில் எல்லாம் சரியாக இருந்தது, ஆக்சிலரேட்டர் பெடலைத் தவிர. அது கடைவாய்ப்பல் மாதிரி ஆடியது. அந்தக் காலத்து கார்களில் கால் வைக்கிற இடம் மரப்பலகை. பலகையின் மேல் ஒரு கீல், கீலின் மேல் பெடல். பெடலை அழுத்தினால் பலகையைத் துளைத்து வரும் ஒரு கம்பி உள்ளே போகும், என்ஜின் உறுமும். அந்தக் கீலின் திருகாணிகள்தான் அடிக்கடி கழன்று வந்தன. நமக்கு அகப்பட்ட மெக்கானிக் புட்டசாமிக்கோ ஒரே வைத்தியம்தான் தெரியும். கழன்ற ஆணியைவிடப் பெரிய ஆணியாக ஒன்றைப் போட்டு முறுக்குவான். "ஆயித்து அம்மாவ்ரே! இன்னு அல்லாடல்ல!" முடிந்தது, இனி ஆடாது என்று சத்தியம் பண்ணுவான். பத்து நாளில் அது மறுபடி அல்லாடும்.

"ஆணி பெருத்துக்கிட்டே போவுது, பலகை இளைச்சுக்கிட்டே போவுது" என்றீர்கள் நீங்கள்.

"எங்க வீட்ல என்னையும் அவளையும் மாதிரி" என்றேன் நான், என் தொந்தியைத் தடவிக்கொண்டு.

"சும்னே இருங்க தம்பி. ஒரு வண்டி இப்படி ஆடுதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்லா?"

காரணம் யாருக்கும் தெரியவில்லை. டாக்டரம்மா குறித்த நாள் வந்துவிட்டது. புட்டசாமி தன் பெட்டியில் இருந்ததிலேயே பெரிய ஆணியைப் போட்டுக் கைகூப்பி அனுப்பினான்.

என்னை எதற்குக் கூட்டிப்போனீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்றால், என்னைத் தள்ளவே தனியாக ஆள் வேண்டும். டாக்டரம்மா பின்சீட்டில், மடியில் தம்முடைய கறுப்புக் குடையோடு சாட்சிக்கூண்டில் ஏறியவர் போல உட்கார்ந்திருந்தார். நான் முன்னால், உங்கள் இடப்பக்கம். கடகோளா தாண்டும்வரை கார் ராஜநடை போட்டது. நீங்கள்கூட மெல்லிய குரலில் ஏதோ ஞானப்பாட்டு முனகிக்கொண்டு வந்தீர்கள். அதற்கப்புறம் ஒரு மேடு. மேடு பாதி ஏறியபோது கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். பெடல் கீலோடு பிய்ந்து சாய்ந்து, என் செருப்பின் மேல் வந்து படுத்துக்கொண்டது. என்ஜின் பெருமூச்சு விட்டது. கார் நின்றது.

பின்னாலிருந்து, "ஏனாயித்து, சிஸ்டர்?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பெடல் கழண்டுட்டு."

ஒன்றுமில்லை என்பதற்கும் பெடல் கழன்றுவிட்டது என்பதற்கும் நடுவில் நீங்கள் மூச்சுக்கூட விடவில்லை. அதுதான் நீங்கள். நானாக இருந்தால் வெட்கத்தில் இறங்கி நஞ்சன்கூட்டுக்கு நடந்தே போயிருப்பேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். கம்பி மட்டும் பலகையிலிருந்து விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது. காலால் அதை மிதித்துப் பார்த்தீர்கள், வழுக்கியது. பின்னால் திரும்பி, "டாக்டர், உங்க கொடையக் கொஞ்சம் குடுங்க" என்றீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள்.

"தம்பி, கீழ எறங்கி உக்காருங்க."

"ரோட்லயா?"

"கார்லதான். சீட்டுக்குக் கீழ."

நான் மடங்கியது எப்படி என்று விவரிக்க மாட்டேன். நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளைப் படித்து ஒருமுறையும் சிரிக்காத டாக்டரம்மா, நான் மடங்கியபோது ஒரு மாதிரி இருமினார். என் தலை டாஷ்போர்டுக்கு அடியில். கை உங்கள் கால்களைத் தாண்டாமல், குடையின் நுனி மட்டும் அந்தக் கம்பியின் மேல். நீங்கள் ஸ்டீயரிங், கிளட்ச், பிரேக். நான் பெட்ரோல்.

"கொடுங்க தம்பி... இன்னும் கொடுங்க... போதும், போதும். கொறைங்க. ஏ, எரும! எரும! எடுங்க!"

"எருமைன்னது யார, மதினி?"

"ரோட்ல போறத! கொடுங்க இப்ப!"

இப்படியே அந்த மேட்டை ஏறினோம். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் முன்சீட்டில் ஒரு பெண் தனியாக அதட்டிக்கொண்டே போவதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினானாம். அவனும் நம் சபையைச் சேர்ந்தவன்தானோ என்னவோ.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். எனக்கு வேறெதையும் பார்க்க வழியில்லை, என் முகத்துக்கு நேரே உங்கள் வலது கால்தான் இருந்தது. அதன் கீழே பெடல் இல்லை, வெறும் பலகை. ஆனாலும் அந்தக் கால் சும்மா இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தாளம் தப்பாமல் வெறும் பலகையை மிதித்துக்கொண்டிருந்தது. மேலே உங்கள் வாய் அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தது.

"மதினி," என்று டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கத்தினேன், "உங்க கால் ஆர்கன் வாசிக்குது!"

கார் லேசாக ஒரு ஆட்டம் ஆடியது. உங்களுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமாகி மைசூர் வந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் நம் சபைக் கோயிலில் அந்தக் கால்மிதி ஆர்கனை வாசித்தவர் நீங்கள். கீழே இரண்டு பலகை. வலது, இடது என்று மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே காற்று நிற்கும், பாட்டு வரும். வண்டியைக் கிளப்பியதும் பயத்தில் பாட்டு வந்திருக்கிறது. பாட்டு வந்ததும் கால் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. அரைச் சாண் பெடலை ஆர்கன் பலகை என்று நினைத்து மிதியோ மிதி என்று மிதித்தால், எந்தத் திருகாணிதான் தாங்கும்? புட்டசாமியைத் திட்டியதெல்லாம் வீண்.

நஞ்சன்கூட்டில் ஒரு பட்டறைக்காரர் கம்பியால் கட்டிக் கொடுத்தார். ஊர்ந்து ஊர்ந்து மைசூர் வந்து சேர்ந்தோம். டாக்டரம்மா இறங்கும்போது குடையின் நுனியை ஒருமுறை பார்த்தார். "அடுத்த திங்கட்கிழமை இன்னொரு முறை வருகிறேன். அதுதான் கடைசி" என்றார். நான், அவ்வளவுதான், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். நீங்கள், "ஒரு வாரம் இருக்கு" என்றீர்கள்.

அந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன். மறுநாளே பாயைத் தூக்கிவிட்டுப் பலகையைத் தட்டினீர்கள். மழைத்தண்ணீர் கசிந்து கசிந்து அது காபியில் முக்கிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ஆட்டம் பாதி உங்கள் கால், பாதி இந்த ஊறல். அந்தப் பகுதியை அப்படியே அறுத்து எடுக்கச் சொன்னீர்கள். புதுப் பலகைக்கு எங்கே போவது என்று நானும் புட்டசாமியும் முழித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே போய்ச் சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்க மடக்குப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தீர்கள். நல்ல தேக்கு. சின்ன அண்ணன் உட்காரும் பக்கம்.

புட்டசாமி பின்வாங்கினான். "அம்மாவ்ரே, இது ஊட்டா மாடோ மேஜு. இது மேல காலு வெக்கிறதா?" சாப்பிடுகிற மேஜையில் கால் வைப்பதா என்று அவனுக்குப் பதற்றம்.

"சாப்பாடு வேணும்னுதான் கால் வைக்கிறேன், புட்டசாமி. அறுங்க."

திருகாணியே வேண்டாம் என்றீர்கள். பலகையை முழுக்கத் துளைத்து போல்ட் இறக்கி, அடியில் ஒரு இரும்புத் தகட்டைக் கொடுத்து, ஒரு நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு. காருக்கு அடியில் படுத்து நட்டைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு. முகமெல்லாம் கிரீஸ். என் ஆபீஸில் அன்று யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுதியதைப் படித்த யாரோ கையை வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பெடல் இறுகிவிட்டது. கால்? கால்தான் பாக்கி. நிறுத்திவைத்த காரில் உட்கார்ந்து, குதிகாலைப் பலகையில் ஊன்றி, வலது முழங்காலின் மேல் தண்ணீர் நிறைந்த பித்தளை டம்ளரை வைத்துக்கொண்டீர்கள். வாய் பாட வேண்டும், டம்ளர் தளும்பக் கூடாது. முதல் நாள் உங்கள் சேலை நனைந்ததைப் பார்த்து எதிர்வீட்டம்மாள் கார் ஒழுகுகிறது என்று ஊர் முழுக்கச் சொன்னாள். உங்களைத் தடுமாற வைக்க வேகமான பாட்டாகப் பாடச் சொல்லி என்னை ஜன்னல் பக்கம் நிற்கவைத்தீர்கள். பாடினேன். "தம்பி, உங்க பாட்டுக்கு யார் காலும் ஆடாது. ஓடத்தான் செய்யும்" என்றீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் நீங்களே முழுப் பாட்டையும் பாடி முடித்தீர்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெரிய அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கினார். மாடி ரூமுக்கு வெள்ளை அடித்துவிட்டதாகச் சொன்னார். நேரே கோயிலுக்குப் போனோம். முதல் பாட்டு. கணீர் என்று ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் கொஞ்சம் தேய்ந்தது. மூன்றாவது அடியில் ஆர்கன், தூக்கத்தில் கேள்வி கேட்கப்பட்டவர் மாதிரி 'ஞீ' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கியே போயிற்று. சபை முழுக்க வாயைத் திறந்தபடி நின்றது. பாதிரி ஐயர் பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எனக்கு மட்டும் தெரியும் என்ன நடந்தது என்று. ஒரு வாரமாக அசையாமல் இருக்கப் பழகிய கால், அங்கேயும் அசையாமல் இருந்துவிட்டது!

பெரிய அண்ணன் என் காதில், "பாத்தியாலே? துக்கம். பிள்ளைக்குக் கையும் காலும் ஓடல. நாளைக்கே கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார். பக்கத்து வரிசைகளில் பெண்கள் முக்காட்டுக்குள் உச்சுக் கொட்டினார்கள். உங்கள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது ஒருமுறை நிமிர்ந்தது.

அடுத்த பாட்டு வந்தது. ஆர்கன் மூச்சு வாங்கிற்று, இளைத்தது, ஆனால் நிற்கவில்லை. நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். வலது கால் தரையில் ஊன்றியது ஊன்றியபடி இருந்தது. இடது கால் ஒன்று மட்டும் இரண்டு காலின் வேலையையும் சேர்த்து, தையல் மிஷின் மாதிரி மிதித்துக்கொண்டிருந்தது. கடைசி அடி வரைக்கும்.

மத்தியானம் சாப்பாட்டில், ஒரு பக்கம் குறைந்துபோன மேஜையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெரிய அண்ணன் பேச்சை எடுத்தார். நீங்கள் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "இடது கால் கோயிலுக்கு, வலது கால் காருக்குன்னு பிரிச்சிட்டேன் அத்தான். இனிமே சண்டை வராது. நாளைக்குச் சாமராஜநகர் போறேன். நீங்களும் வாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் காரில் ஏற அவருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். மறுநாள் டாக்டரம்மாவின் பக்கத்தில், மேலே தொங்கிய தோல்வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மெதுவா, மெதுவா" என்று கார் கிளம்பும் முன்னாலேயே சொன்னார். கடகோளா தாண்டியது. அந்த மேடு வந்தது. நான் குடைக்காகக் கையை நீட்டத் தயாராக இருந்தேன். டாக்டரம்மா குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். உங்கள் வாய் பாட ஆரம்பித்தது. நான் கீழே பார்த்தேன். குதிகால் தேக்குப் பலகையில் ஊன்றியிருந்தது, பாதம் ஒரே அழுத்தத்தில் நின்றது. கார் குலுங்கவில்லை, திணறவில்லை. தயிர்ப்பானையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் போல ஏறியது.

உச்சிக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒரு கரகரப்புச் சத்தம். எது கழன்றதோ என்று பதறித் திரும்பினேன். பெரிய அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கை வாரைவிட்டு நழுவியிருந்தது, தலை டாக்டரம்மாவின் தோளுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அவரை ஒருமுறை பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். "இவரை எழுப்பவேண்டாம். சிஸ்டர், நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடுங்கள்" என்றார். அன்று அவர் தமக்கு ஒரு சீட்டு எழுதிக்கொண்டார் என்றே நினைக்கிறேன், சிரித்தார்.

அதற்கப்புறம் எத்தனை மழை, எத்தனை பிரசவம், எத்தனை வாழைத்தார். அந்த பெடல் ஒரு நாளும் ஆடவில்லை. வீட்டுச் சாவியோடு கார் சாவியும் கடைசிவரை உங்கள் இடுப்பில்தான் இருந்தது. போன வருஷம் நீங்கள் படுக்கையில் விழுந்தபோது அதை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "விக்கிறதுக்கு இல்ல, ஓட்டுறதுக்கு" என்றீர்கள். எனக்கா, மதினி? சைக்கிளிலேயே இறங்கத் தெரியாமல் சுவரில் சாய்ந்து இறங்குகிறவனுக்கா?

லைசென்ஸ் கொடுக்கிற இன்ஸ்பெக்டர் என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நாலாவது தடவை அலுத்துப்போய்க் கொடுத்தார் என்று புட்டசாமி சொல்கிறான். பழகிவிட்டேன் என்று நான் சொல்கிறேன். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸுக்கு ஓட்டத் தெரியாது. சனிக்கிழமைகளில் ஆபீஸ் முடிந்ததும் நான்தான் கொண்டுபோய்விடுகிறேன். பயப்படாமல் இருக்கிறேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் போகிறேன், போகாமல் இருப்பதில்லை.

போன சனிக்கிழமை நல்ல மழை. கடகோளா மேட்டில் பாதி வழியில் என்ஜின் இழுத்தது. எதிரே ஒரு லாரி. நர்ஸம்மா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் குதிகாலை ஊன்றிக்கொண்டு, எனக்குத் தெரிந்த குரலில் பாட ஆரம்பித்தேன். அவள் கண்ணைத் திறந்து, லாரியைவிட என்னைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தாள்.

ஏறிவிட்டோம், மதினி.